பெயிண்டரை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹால் மேற்கூரையில் பழுப்புக் கறை. அதை ஒட்டிய சுவரில் பெயிண்ட் உப்பி, ஓரிடத்தில் வாய் பிளந்து நிற்கிறது. படுக்கையறையில் பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். கீழே நீ எழுதியிருந்ததையும் படித்தேன்: "சனிக்கிழமை பெயிண்டர் வர்றார்மா, ஒரே நாளில் சரியாயிடும்." ஆகாது. முதல் வேலையாக அவருக்கு போன் போட்டு, இப்போதைக்கு வர வேண்டாம், நாங்களே கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்து இதைப் படி. போனிலேயே சொல்லலாம்தான். பாதியில் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். எழுதி வைத்தால் வேண்டும்போது திருப்பிப் பார்க்கலாம்.

படத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது கறையால் இல்லை. கறைக்கு ஒரு முழம் தள்ளித் தொங்குகிறதே விளக்கு, அதனால்தான். தளத்துக்குள் ஒயருக்காகப் பதித்த குழாய் இருக்கிறதல்லவா, கசிகிற தண்ணீருக்கு அதைவிட வசதியான பாதை கிடையாது. உள்ளே புகுந்தால் நேராக விளக்கின் தலையில்தான் வந்து இறங்கும். அதனால் அந்த விளக்குக்குப் போகிற இணைப்பை மெயின் போர்டிலேயே அணைத்துவிடு. சுவர் சுவிட்சைத் தட்டினால் மட்டும் போதாது. போர்டிலோ அதற்கு முன்னால் தரையிலோ ஈரம் இருந்தால் நீ கை வைக்கவே வேண்டாம், எலக்ட்ரீசியன் வரட்டும். மாப்பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறி, "நானே கழற்றிப் பார்க்கிறேன் அத்தை" என்பார். கெட்டிக்காரக் கைதான், இருந்தாலும் இதில் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

உன் மேற்கூரை வெறும் கான்கிரீட்டா, ஜிப்சம் பலகை போட்ட ஃபால்ஸ் சீலிங்கா என்று படத்தில் பிடிபடவில்லை. பலகையாக இருந்து, எங்காவது தொப்பை மாதிரி கீழே இறங்கியிருந்தால் அதற்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது. உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். 20 லிட்டர் தேங்கினால் 20 கிலோ. நனைந்த ஜிப்சம் அதைத் தாங்காது, ஒரு நேரம் பார்த்து மொத்தமாக விழும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கீழே பக்கெட் வைத்து, பக்கவாட்டில் தள்ளி நின்று ஸ்க்ரூ டிரைவரால் சின்னதாக ஒரு துளை போட்டால் தண்ணீர் நூல் மாதிரி இறங்கிவிடும். பலகை கெடுகிறதே என்று பார்க்காதே, அது கெட்டு முடிந்துவிட்டது.

சரி, இப்போது ஒரு பென்சில் எடுத்துக்கொள். கறையின் வெளி ஓரத்தை ஒட்டி மெல்லிசாகக் கோடு போட்டு, பக்கத்தில் இன்றைய தேதியையும் நேரத்தையும் எழுது. நாளை அதே நேரத்தில் பார். கறை கோட்டைத் தாண்டியிருந்தால் புதுக் கோடு, புதுத் தேதி. முப்பது வருடம் நூலகத்தில் தேதி முத்திரை குத்திய கை, எதிலும் தேதி போடாவிட்டால் எனக்கு நிம்மதி வராது என்று நீ கேலி செய்வாய். செய்துகொள். ஆனால் கசிவு ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்று ஒரு காசு செலவில்லாமல் சொல்கிற கருவி இந்தக் கோடுதான்.

கோடு போடும்போது கறையைக் கிட்டத்தில் போய்ப் பார். நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் அடர்ந்த பழுப்பாக இருக்கும். நனைந்த இடம் ஓரத்தில்தான் முதலில் காயும். காயக் காய உள்ளிருந்து தண்ணீர் அங்கே நகர்ந்து, தான் கரைத்து வந்த அழுக்கையும் காரத்தையும் அந்த விளிம்பிலேயே விட்டுவிட்டு ஆவியாகிப் போகும். அதனால் ஒரு முறை நனைந்து காய்ந்தால் ஒரு வளையம். உன் படத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையம் எண்ணினேன். போன வாரம்தான் வந்தது என்று நீ எழுதியிருக்கிறாய். போன வாரம் உன் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். குறைந்தது மூன்று தடவை அது வந்து போயிருக்கிறது.

நான் இதில் பிறவி மேதை என்று நினைத்துவிடாதே. நீ நாலாம் வகுப்பு படித்தபோது உன் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு கறை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? நீ அதை யானை என்பாய். யாரும் வீட்டுக்கு வந்தால் எனக்கு அது அவமானம். பெயிண்ட் அடித்தேன். இருபதே நாளில் யானை திரும்பி வந்தது. இன்னொரு கோட் அடித்தேன், வந்தது. மூன்றாவது முறை தும்பிக்கையோடு வந்தது. உங்கப்பா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துவிட்டுப் போனார். அது இன்னும் எரிச்சல். ஒரு பிளம்பர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இது பழைய ஈரம்தான், தானா காஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் சுவரின் மறுபக்கம் வாஷ்பேசினிலிருந்து போகிற குழாயில், சுவருக்குள் இருந்த ஒரு இணைப்பு விட்டுப்போயிருந்தது. ஒவ்வொரு முறை நாம் முகம் கழுவும்போதும் யானை கொஞ்சம் தண்ணீர் குடித்திருக்கிறது.

அதில் நான் செய்தது ஒரு தப்பு இல்லை, இரண்டு. கசிவை நிறுத்தாமல் அடித்தது ஒன்று. இன்னொன்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தப் பழுப்பு தண்ணீரில் கரைகிற சரக்கு. சுவரில் நாம் அடிக்கிற சாதாரண எமல்ஷனும் தண்ணீர் கலந்த பெயிண்ட். அடித்த ஈரத்தில் கறை கரைந்து மேலே ஏறி, புதுப் பூச்சிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கசிவு நின்று, சுவர் எலும்பாகக் காய்ந்த பிறகும் இது நடக்கும். அதற்குத் தண்ணீர் கலக்காத, கறையை அடைக்கிற பிரைமர் ஒரு கோட் அடித்து, அதன்மேல்தான் பெயிண்ட். உன் பெயிண்டரிடம் இதைக் கேட்டுப் பார். தெரியாது என்றால் வேறு ஆளைப் பார்.

நூலகத்தில் நடந்தது இதைவிடக் கூத்து. அகராதிகள் இருந்த அலமாரிக்கு நேர் மேலே சொட்டியது. மொட்டை மாடியில் அதற்கு நேராக ஒரு சதுரத்தைக் கொத்தி எடுத்து, பூசி, தண்ணீர் தெளித்து எல்லாம் செய்தார்கள். அடுத்த மழைக்கு அதே இடத்தில் சொட்டியது. விரிசல் இருந்தது ஐந்து மீட்டர் தள்ளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில். அங்கே இறங்கிய தண்ணீர் ஒயர்க் குழாய் வழியாக நடந்து வந்து அகராதிகள் மேல் இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து கறை இருக்கிற இடத்தை நான் முகவரியாக எடுத்துக்கொள்வதில்லை. அது தண்ணீர் வெளியே வந்த இடம் மட்டும்தான்.

அதனால் எங்கே என்று தேடுவதற்கு முன்னால் எப்போது என்று தேடு. மழை பெய்தால் மட்டும் கோட்டைத் தாண்டுகிறதா? மேல் வீட்டில் குளிக்கிற நேரத்துக்குப் பிறகா? இரவு பகல் பார்க்காமல் ஒரே சீராகவா? வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும், அது விட்டால் ஓயாமல் கசியும். கழிவுநீர்க் குழாய் அப்படி இல்லை, யாராவது ஊற்றினால்தான் கசியும். மழைத் தண்ணீர் ஆடி அசைந்து வரும். சில சமயம் மழை விட்டு ஒருநாள் இரண்டுநாள் கழித்துக்கூடக் கீழே தலைகாட்டும், அதனால் உடனே வரவில்லை என்று மாடியை விட்டுவிடாதே. ஒரு தாளில் மழை, குளியல், கறை என்று மூன்று பத்தி போட்டு ஒரு வாரம் குறித்து வா. பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

உன் வீட்டுக் குழாயைச் சந்தேகத்திலிருந்து விலக்குவது சுலபம். இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரில் உள்ள எண்ணை, சிவப்பில் ஓடுகிற கடைசி இலக்கம் வரை, படம் எடுத்து வை. காலையில் யாரும் ஒரு சொட்டுகூடத் திறப்பதற்கு முன் போய்ப் பார். நகர்ந்திருந்தால் எங்கேயோ போகிறது. நகர்ந்திருந்தாலும் உடனே சுவரை உடைக்கக் கிளம்பாதே. முதலில் கழிப்பறை ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் நீல மையைக் கலக்கிவிட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் பண்ணாமல் விடு. கீழே பீங்கானில் நீலம் தெரிந்தால் டேங்கின் உள்ளே ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. மீட்டர் ஓடியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்துவிட்டு மீட்டரை இன்னொரு முறை பார்.

சின்னச் சொட்டுதானே என்று தோன்றும். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலும் 4 லிட்டருக்கு மேல் வருகிறது, மாதத்துக்கு 130 லிட்டர். அத்தனையும் செங்கல்லுக்குள் போகிறது.

மீட்டர் அசையவில்லை, மழைக்கும் சம்பந்தம் இல்லை என்றால் மேல் வீட்டுக் குளியலறைதான். எனக்கும் அதன் மேல்தான் சந்தேகம், ஏனென்றால் கறை உன் ஹால் நடுவில் இல்லை, உன் குளியலறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. போய், "உங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்ல ஒழுகுது" என்று ஆரம்பிக்காதே. அந்த வாக்கியத்துக்குப் பிறகு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். பென்சில் கோட்டுப் படங்களைக் காட்டி, ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாமா என்று கேள். தண்ணீர் போகிற வாயைத் துணியால் இறுக அடைத்து, குளியலறைத் தரையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தி, சுவரில் மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விட வேண்டும். மட்டம் இறங்கி உன் கறை பெருத்தால் டைல்ஸுக்கு அடியில் இருக்கிற நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது. இரண்டும் அசையவில்லை என்றால் அடைப்பை எடுத்து அந்தத் தண்ணீரை ஓடவிடு. அப்போது கறை பெருத்தால் கோளாறு கழிவுநீர்க் குழாயில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும், பாப்பா. எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்து மூடினால் எது செய்தது என்று கடைசிவரை தெரியாது. டைல்ஸ் இடைவெளியில் வெள்ளைச் சிமெண்ட் தேய்த்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். அது சில மாதம் ஓடும். பூச்சு போயிருந்தால் டைல்ஸைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

இனி இரண்டாவது படம். பெயிண்ட் வாய் பிளந்த இடத்தில் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக எதையோ பார்த்தாய், பூஞ்சை என்று பயந்திருக்கிறாய். கொஞ்சம் சுரண்டி எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீரில் போடு. கரைந்தால் உப்பு. செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கிற உப்பை ஈரம் கரைத்து வெளியே கொண்டுவந்து விட்டுப் போகிறது. அந்த உப்புப் படிகம் பெயிண்டுக்குப் பின்னால் வளர்ந்து தள்ளுவதால்தான் சுவர் பொருமி நிற்கிறது. அதைக் காய்ந்த பிரஷால் தேய்த்து எடு. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். தேய்த்த பிறகு விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போ. கெட்டியான இடம் ஒரு சத்தம் தரும், காரை சுவரை விட்டுப் பிரிந்த இடம் பொக்கையாக வேறு சத்தம் தரும். பொக்கையான இடத்தையெல்லாம் பென்சிலால் வளைத்து வை, கொத்தனாருக்கு உதவும். இன்னொன்று: தரையிலிருந்து ஏறுகிற ஓதம் கீழே ஆரம்பித்து, பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் ஒரு கோடு போட்டு நின்றுவிடும். உன்னுடையது மேலிருந்து இறங்குகிறது. ஆகவே யாராவது வந்து அடிச்சுவரில் துளை போட்டு மருந்து ஏற்ற வேண்டும் என்றால், நன்றி சொல்லி அனுப்பிவிடு.

மூன்றாவது படம் வேறு நோய் என்று நினைக்கிறேன். கறை வளையம் இல்லை, உப்பு இல்லை, பெயிண்ட் உப்பவும் இல்லை. வெளிச்சுவரை ஒட்டிய பீரோவுக்குப் பின்னால், காற்றே போகாத இடத்தில், கறுப்புப் புள்ளிகள் மட்டும். இது அறைக்குள் இருக்கிற ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்த்ததாக இருக்கலாம். கொடி கட்டித் துணி காயப்போடுவது அந்த அறையில்தானே? சந்தேகம் தீர, முதலில் சுவரின் ஈரத்தைத் துடைத்துவிட்டு 45 சென்டிமீட்டர் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடு. தாளுக்கு வெளிப்பக்கம் ஈரம் என்றால் காற்றிலிருந்து வருகிறது. தாளுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. காற்றுதான் என்றால் செலவே இல்லை. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவை, துணியை வெளியே போடு, குளியலறை மின்விசிறியை ஓடவிடு. காற்றின் ஈரப்பதம் காட்டுகிற சின்னக் கருவி ஒன்று வாங்கி மாட்டினால் நல்லது. அது 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குப் பிழைப்பு கஷ்டம்.

அந்தப் புள்ளிகளை மட்டும் காய்ந்த பிரஷால் தேய்த்துவிடாதே. உப்புக்குச் சொன்னதற்கு நேர் எதிர். தேய்த்தால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும், ஃபேன் போட்டாலும் அப்படித்தான். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றித் துடைத்து, துணியை அப்படியே பையில் கட்டி எறி. பிளீச்சிங் ஊற்றினால் நிறம் போகும், ஆனால் காரைக்குள் ஊடுருவியதை அது தொடாது. செத்த பூஞ்சையும் மூச்சுக்கு ஆகாது, அதனால் துடைத்து அகற்றுவதுதான் முக்கியம். அப்படியும் பிளீச்சிங் எடுத்தால், கழிப்பறை கழுவும் ஆசிடோடோ அம்மோனியா கலந்த எதனோடுமோ சேர்த்துவிடாதே. கிளம்புகிற வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். பேரனுக்கு இழுப்பு உண்டு. துடைத்து முடித்து இரண்டு நாள் ஆகும்வரை அவன் ஹாலில் படுக்கட்டும். பூஞ்சை ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் நீயும் இதில் இறங்காதே, அதற்கென்று இருக்கிறவர்களைக் கூப்பிடு.

இப்போது காய வைப்பது. நனைந்த பொருளில் 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை ஆரம்பித்துவிடும். அதனால் துணி, மெத்தை, தரைவிரிப்பு இவற்றில் அவசரம் காட்டு. சுவரில் அவசரம் காட்டாதே. வெளிக்காற்று உலர்ந்திருக்கும் நாளில் எதிரெதிர் ஜன்னலைத் திற. வெளியே ஈரக்காற்று என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதை ஓட்டினால் ஊர்க் காற்றையெல்லாம் உலர்த்திக்கொண்டிருப்பாய். ஹீட்டரை நேராகச் சுவரில் பிடிக்காதே, மேல்தோல் காய்ந்து வெடிக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஊறிய சுவர் 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் காயும் என்பது கட்டட வேலையில் பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் உள்வரை நனைந்திருந்தால் நீயே பெருக்கிப் பார். ஒரே நாளில் சரியாகும் என்றாயே!

ஊசி வைத்த ஈரமானி ஒன்று மாப்பிள்ளையிடம் இருக்கிறது என்று சொன்னதாக ஞாபகம். அது மரத்துக்கென்று அளவு குறித்தது. செங்கல் சுவரில் அது காட்டுகிற எண்ணைச் சதவீதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, உப்பு இருந்தால் இன்னும் கூட்டிக் காட்டும். அதே வீட்டில் நனையாத ஒரு சுவரில் வைத்துப் பார்த்து, நனைந்த சுவர் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா என்று மட்டும் ஒப்பிடுங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பதில் உனக்கு மனசு வராது, தெரியும். மரத்தூள் பலகையில் செய்த அலமாரி ஒருமுறை உப்பினால் பழையபடி ஆகாது, விட்டுவிடு. அசல் மரம் தப்பிக்கும், நிழலில் மெதுவாகக் காய வை. மேல் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்தான் காரணம் என்று தெரிந்தால், அதில் நனைந்த மெத்தையும் தலையணையும் எவ்வளவு விலையாக இருந்தாலும் வெளியே. எதையும் எறிவதற்கு முன் படம் எடுத்து வை. வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் பாலிசியையும் எடுத்துப் படி. திடீரென்று குழாய் வெடித்ததற்குத் தருகிறவர்கள், மாதக்கணக்கில் கசிந்ததற்குத் தராமல் போவது வழக்கம்.

கசிவு நின்று, காய்ந்த பிறகு பொக்கையான காரையைக் கொத்தச் சொல். பென்சில் வளையத்துக்கு ஒரு அடி வெளியே வரை எடுக்கட்டும். கொத்தும்போது மேற்கூரையில் கம்பி தெரிந்தால் நீ நேரில் நின்று பார். துருப்பிடித்த இரும்பு பழைய பருமனைப்போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை உப்பும், கான்கிரீட்டைத் தள்ளி வெடிக்க வைப்பது அதுதான். ஓரிரு இடத்தில் மேல்துரு என்றால் சுத்தமாகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பழுதுக்கென்றே வரும் கலவையால் நிரப்பலாம். கம்பி மெலிந்திருந்தாலோ நீளமாகத் தெரிந்தாலோ கொத்தனாரை நிறுத்திவிட்டு ஒரு பொறியாளரைக் கூப்பிடு. அதன்மேல் சிமெண்ட் அப்பி மூடிவிடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். "உள்பக்கமே வாட்டர் ப்ரூஃப் அடிச்சுடலாம்மா" என்றும் ஒருவர் சொல்வார். தண்ணீர் வருகிற பக்கத்தில் தடுக்காமல் இந்தப் பக்கம் அடைத்தால், அது சுவருக்குள்ளேயே நின்று வேறு இடம் பார்த்து வெளியே வரும்.

புதுக் காரையை ஒரு வாரம் நனைத்து வை, பிறகு நாலு வாரமாவது ஆறவிடு. அப்புறம் நான் சொன்ன பிரைமர், பட்டி, பெயிண்ட். அப்போது கூப்பிடு அந்தப் பெயிண்டரை.

கடைசியாக ஒன்று. பீரோவின் அடித்தட்டில் பழைய ஆல்பம் நனைந்து ஒட்டிக்கொண்டது, பிரித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். பிரிக்காதே. ஈரத்தில் ஒட்டிய படங்களை இழுத்தால் மேல்படலம் எதிர்ப்பக்கத்தோடு போய்விடும், அப்படியே காயவிட்டால் கல்லாக ஒட்டிவிடும். 1972 ஜூனில் அமெரிக்காவில் கார்னிங் என்ற ஊரில் வெள்ளம் வந்து கண்ணாடி அருங்காட்சியகத்தின் நூலகம் மூழ்கியது. நனைந்த புத்தகங்களைக் கொண்டுபோய் உறைய வைத்தார்கள். உறைந்தால் பூஞ்சை வளராது, ஒட்டியது மேலும் ஒட்டாது. பிறகு நிதானமாக ஒவ்வொன்றாக மீட்கலாம். நூலகப் பயிற்சியில் இதைப் படித்தபோது நம் வீட்டுக்குப் பயன்படும் என்று நான் நினைக்கவில்லை. ஆல்பத்தை அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை எடுத்துக் கட்டி, ஃப்ரீசரில் தட்டையாக வை. மேலே எதையும் அடுக்காதே.

நாளைக் காலை மீட்டர் எண்ணையும், சனிக்கிழமை வரை தினமும் அந்தப் பென்சில் கோட்டையும் படம் எடுத்து அனுப்பு. அடுத்த மாதம் நான் வருகிறேன். ஆல்பத்தைத் தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொரு படமாக எடுக்க வேண்டும், அதற்குப் பொறுமை உனக்குக் கிடையாது. யானைக் கறைக்கு முன்னால் நீ நின்று எடுத்த படம் அதில்தான் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா